வாசலில் நின்ற இருபத்து மூன்று வேலைகள்

பால் விலை ஏறிய அதே வாரம், திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, லிஃப்ட் பரிசோதகர் செய்யாமல் தள்ளிப்போட்டிருந்த வேலைகள் இருபத்து மூன்றும் அவர் வீட்டு வாசலில் வந்து வரிசையாக நின்றன. மனித உருவில்தான் வந்திருந்தன. ஆண்கள் பதினான்கு, பெண்கள் ஒன்பது. படிக்கட்டில் தொடங்கிய வரிசை எதிர்வீட்டுப் பல் டாக்டரின் பெயர்ப்பலகையை மறைத்துக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிவரை போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை, யாரும் முண்டியடிக்கவில்லை. இவர்களை அஃறிணையில் சொல்வதா உயர்திணையில் சொல்வதா என்று தெருவில் இரண்டு நாள் குழப்பம் இருந்தது. வெயிலில் நின்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பவர்களை ‘அது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் எல்லோரும் ‘அவங்க’ என்றே சொன்னார்கள். இங்கும் அப்படியே.

பரிசோதகருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அலுவலகத்தில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். ‘நாளைக்கு எங்கே?’ என்று கேட்டால் அவர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று சொல்வார்கள். தொழிலில் குறை சொல்ல முடியாத மனிதர். அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட நடுவில் நின்றதில்லை. கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். தொழிலுக்கு வெளியே இருந்த எல்லாவற்றையும்தான் நாளைக்கு என்றார். சோம்பல் காரணமல்ல. ஒரு வேலையைத் தொட்டால் அதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும், திருத்தமாகச் செய்ய இன்றைக்கு நேரம் போதாது, நாளை என்றால் முழுநாளும் கையில் இருக்கும் என்று உண்மையாகவே நம்பினார். கேட்டவர்களும் அவர் முகத்தைப் பார்த்து நம்பினார்கள்.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். பெரிய மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் இருபது வருடமாக டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர். ஒரு நாளைக்கு முந்நூறு பேர். யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும், யாரால் ஒரு மணி நேரம் தாங்க முடியும், வலி வலி என்று கத்துபவர்களில் யாருக்கு உண்மையில் வலி என்பதை முகத்தைப் பார்த்தே பிரிப்பார். வீட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். காலையில் எழுதியதெல்லாம் மாலையில் அடிக்கப்பட்டிருக்கும். அன்று காலை வாசலுக்கு வந்து வரிசையைப் பார்த்தபோது, இதில் தன் பெயரில் ஒருவர்கூட நிற்கவில்லை என்பதைத்தான் அவர் முதலில் கவனித்தார். கவனித்ததில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார்.

முதலில் பார்த்தவர் பரிசோதகர்தான். செய்தித்தாள் எடுக்கக் கதவைத் திறந்தவர் அப்படியே சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க.”

“யாரு?”

“தெரியல. ஆனா எல்லாரையும் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு.”

மனைவி போய்க் கேட்டார். முதலில் நின்றவர் குள்ளமானவர், முழங்கால்வரை கால்சட்டை நனைந்திருந்தது. “நான் குளியலறைக் குழாய்ங்க. ஒன்றரை வருஷமா சொட்டிட்டிருக்கேன்,” என்றார். அடுத்து நின்ற பெண் அடிக்கொரு தரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தான் மூக்குக்கண்ணாடி மாற்றும் வேலை என்றும், டாக்டர் சீட்டுக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது என்றும் சொன்னார். மூன்றாமவர் அக்காவுக்குப் போன் செய்வது. நான்காமவர் ஓய்வூதியப் படிவம். அவர் கையில் படிவம் இல்லை, அவர் முகமே நிரப்பாத படிவம்போல வெறுமையாக இருந்தது. யார் குரலிலும் குற்றம்சாட்டும் தொனி இல்லை. அதுதான் பரிசோதகருக்குத் தாங்க முடியாமல் போயிற்று. மூன்று நாள் அவர் பின்கதவு வழியாக வேலைக்குப் போய், பின்கதவு வழியாக வந்தார்.

மூன்றாம் நாள் பல் டாக்டர் வந்து முறையிட்டார். இது தன்னிடம் வந்த கூட்டம் என்று நினைத்து, தன்னிடம் வரவேண்டியவர்கள் தூரத்திலேயே திரும்பிப் போகிறார்களாம். “முப்பது வருஷத்துல இவ்வளவு பெரிய வரிசை என் வாசல்ல நின்னதில்ல. நின்னும் எனக்குப் பிரயோஜனம் இல்ல பாருங்க,” என்றார். அன்று மாலை மனைவி மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டு டோக்கன் கொண்டுவந்தார். படிக்கட்டின் கீழே ஒரு நாற்காலியும் சின்ன மேசையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேட்டார். “உங்களுக்காக யாராச்சும் காத்துட்டு இருக்காங்களா? இன்னும் எத்தனை நாள் தாங்குவீங்க?” பதிலைப் பொறுத்துச் சிலருக்கு வெள்ளை டோக்கன், சிலருக்கு மஞ்சள். வெள்ளை என்றால் இந்த வாரம். மஞ்சள் என்றால் எந்தத் தேதி என்று அதன்மேலேயே எழுதிக் கொடுத்தார். தேதி எழுதியதும் மஞ்சள் டோக்கன்காரர்கள் நன்றி சொல்லிவிட்டு எங்கேயோ போய், அந்தத் தேதியில் மட்டும் வந்தார்கள். தேதி தெரியாததால்தான் இத்தனை நாள் தினமும் நிற்க வேண்டியிருந்தது என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

மூவரை விசாரித்ததில் அவர்கள் பரிசோதகருடைய வேலைகளே அல்ல என்று தெரிந்தது. மேலதிகாரி தட்டிக்கழித்து இவர் தலையில் கட்டியவை. ஞாயிற்றுக்கிழமை மனைவி அவர்களைப் பேருந்தில் ஏற்றி மேலதிகாரியின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மரியாதையாக அழைப்புமணியும் அடித்துவிட்டு வந்தார். அவர்கள் இன்றும் அங்கேதான் நிற்கிறார்கள் என்று கேள்வி. இன்னும் ஆறு பேருக்கு மனைவி டோக்கனே கொடுக்கவில்லை. “இவங்களை நீங்க செய்யப்போறதில்ல. அதை நீங்களே அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லிடுங்க,” என்று கணவரை வாசலுக்கு இழுத்து வந்தார். ஆறு பேரில் கடைசியாக நின்றவன் நல்ல உடையணிந்த இளைஞன். புதிதாக ஒரு மொழி கற்றுக்கொள்வது என்ற வேலை. ஏழு வருடமாகக் காத்திருந்தான். பரிசோதகர் அவனெதிரே உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். “மன்னிச்சிடுங்க, என்னால ஆகாது,” என்று சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இளைஞன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். “இதை அப்பவே சொல்லியிருந்தா நான் வேற யார்கிட்டயாச்சும் போயிருப்பேன் சார்,” என்று சொல்லிவிட்டு நேரே பல் டாக்டர் வீட்டுக்குள் போனான். நான்கு மாதத்தில் பல் டாக்டர் அந்த மொழியில் சரளமாகப் பேசத் தொடங்கி, வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் அதைப் பழகிப் பார்த்தார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மற்றவர்களைப் பரிசோதகர் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று உள்ளே கூப்பிட்டார். குழாய்க்கு வாஷர் மாற்றி முடித்ததும் குள்ளமானவரின் கால்சட்டை காய்ந்துவிட்டது. அவர் வாசலைத் தாண்டி, தெருவில் வலப்பக்கம் திரும்பி, திரும்பிப் பார்க்காமல் போனார். வேலை முடிந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் போனார்கள். சொல்லிக்கொள்வதில்லை. முதலில் பரிசோதகருக்கு இது மனக்கஷ்டமாக இருந்தது. பழகியபின் வலப்பக்கம் திரும்பும் முதுகைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு சம்பவம் நடந்தது. மஞ்சள் டோக்கன் வாங்கியிருந்தவர்களில், சட்டைக் கையில் பென்சில் கறை படிந்த ஒல்லியான மனிதர் ஒருவர் இருந்தார். பள்ளியில் பரிசோதகருக்கு நேர்கோடு போடக் கற்றுக்கொடுத்த வரைபட ஆசிரியருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதுவது என்ற வேலை அவர். ஆசிரியர் வேறு ஊரில் இருந்தார். டோக்கன் கொடுக்கும்போது கேட்டதற்கு அந்த ஒல்லி மனிதர், ஒரு மாதம் தாங்குவேன் என்று கூச்சத்தோடு சொல்லியிருந்தார். பதினெட்டு நாள் கழித்து, ஞாயிறு மதியம், தன் தேதிக்கு முன்பே வந்து, படியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தார். பல் டாக்டர் ஓடிவந்து நாடி பார்த்தார். சாயங்காலம் படியில் சட்டை மட்டும் இருந்தது. ஆசிரியர் ஞாயிறு மதியம் காலமானார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமைதான் தபாலில் வந்தது. பரிசோதகர் அந்தச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்து அலமாரியில் வைத்தார். மஞ்சள் கொடுத்தது தான்தானே என்று மனைவிக்கு இருந்தது.

நான்கு மாதம் முடிவதற்குள் வரிசையில் ஒரே ஓர் ஆள் மிஞ்சினார். முதல் நாளிலிருந்தே தபால்பெட்டிக்குப் பக்கத்தில் கடைசியாக நின்ற பெண். நாற்பது வயது இருக்கலாம். சாம்பல் நிற உடை, கையில் எதுவும் இல்லை. எதையோ உரக்கச் சொல்லப்போகிறவர்போல அவ்வப்போது வாயைத் திறப்பார், பிறகு மூடிக்கொள்வார். முதல் வாரமே மனைவி அவரிடம் கேட்டிருந்தார்.

“நீங்க என்ன வேலைம்மா?”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா.”

“யாராச்சும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்காங்களா?”

“இருக்காங்க. அது மட்டும் தெரியும்.”

மறந்துபோன வேலை என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று அவரை அப்போது விட்டுவிட்டார்கள். செய்ய வேண்டியவர் மறந்துவிட்டால் வேலைக்கும் தன்னைப்பற்றித் தெரியாது. இப்போது ஒருவர்தான் மிச்சம் என்றானபோது, அவர் குரல் இறங்கி வருவதைக் கவனித்தார்கள். முதல் வாரத்தில் தெருவின் மறுகோடிவரை கேட்ட குரல், இரண்டடி தள்ளி நின்றால் கேட்காமல் போயிற்று. வரைபட ஆசிரியரின் வேலைக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் ஆகையால், எங்கோ யாருக்கோ நேரம் குறைந்துகொண்டு வருகிறது என்பது இருவருக்கும் புரிந்தது. யாருக்கு என்பதுதான் புரியவில்லை. அந்தப் பெண்ணைத் தெருவில் நிறுத்த மனம் வராமல் முன்னறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள்.

பரிசோதகர் தன் வாழ்க்கையை ஒரு கட்டடம் மாதிரி மாடி மாடியாகப் பரிசோதித்தார். பள்ளிக்கூடம், முதல் வேலை, வாங்கித் திருப்பிக் கொடுக்காத புத்தகங்கள், வருகிறேன் என்று சொல்லிப் போகாத வீடுகள், எல்லாவற்றையும் தாள் தாளாக எழுதினார். விடுமுறை நாட்களில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அந்த இடங்களுக்கெல்லாம் போனார். தான் படித்த வகுப்பறை ஜன்னலைக் காட்டினார். அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனார். அக்கா அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தம்பியிடம் “உன் லட்சணத்துக்கு ஒண்ணே ஒண்ணுதான் மறந்துபோச்சா?” என்று கேட்டு இருவருக்கும் சாப்பாடு போட்டாள். போன இடத்திலெல்லாம் அந்தப் பெண் நல்ல குழந்தைபோலச் சுற்றிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். அதில் இருபத்தோரு நாள் போயிற்று. செய்ய மனமிருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பது பரிசோதகருக்குப் புது அனுபவம். அவர் இளைத்துப் போனார்.

குரல் வெறும் மூச்சாகிவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை, தொண்டையையாவது டாக்டரிடம் காட்டுவோம் என்று மனைவி அவரைத் தன்னோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். முறைப்படி டோக்கன் கிழித்துக் கையில் கொடுத்து, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்காரச் சொன்னார். அந்தப் பெண் உட்காரவில்லை. காவலாளி தடுப்பதற்குள் மரத்தடுப்பைத் தாண்டி, கவுண்டருக்குப் பின்னால் வந்து, மனைவியின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டார். இடம் பார்த்து வந்து நின்றவர்போல இருந்தது. பிறகு வாயைத் திறந்தார். இந்த முறை மூடவில்லை.

“அறுபத்தொண்ணு,” என்றார். “அறுபத்தொண்ணு இருக்காங்களா? உள்ள வாங்க.”

கூடம் முழுக்கக் கேட்டது. காலை ஒன்பதரை மணிக்கு அன்றைய டோக்கன் இருபத்தெட்டில்தான் இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் டோக்கனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரல் கவுண்டர்காரருடையது என்பதைக் கூடத்தில் இருந்த பழைய செவிலியர்கள் உடனே கண்டுகொண்டார்கள். இப்போதைய குரல் அல்ல. பதினான்கு வருடத்துக்கு முந்தைய, இன்னும் கட்டைப்படாத குரல்.

மனைவி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அவருக்கு எல்லாம் ஒரே வீச்சில் ஞாபகம் வந்துவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் மருத்துவமனை லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அதைப் பார்க்க வந்த பரிசோதகர், கையெழுத்து வாங்க ஆள் கிடைக்காமல் கவுண்டருக்கு வந்தார். கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். அவர்கள் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது இருவருக்குமே நினைவில்லை, சிரித்தது மட்டும் நினைவிருந்தது. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன் மனைவி கூப்பிட்டது அறுபது. ஜன்னலில் வந்து நின்ற அடுத்த ஆளிடம், “போய் உக்காருங்க, கூப்பிடுறேன்,” என்று சொல்லியிருந்தார். பேச்சு முடிந்தபின் கூப்பிட்டது அறுபத்திரண்டு.

அன்று மாலை வீட்டில் பரிசோதகரிடம் சொன்னார். “உங்க வரிசையில நின்னாலும் அவங்க உங்களோட ஆள் இல்லங்க. என்னோட ஆள்.”

பரிசோதகர், “பத்து நிமிஷத்துல அஞ்சு நிமிஷம் நான்தானே பேசினேன்,” என்றார்.

செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்துவிட்டது. மருத்துவமனையின் பழைய பதிவேடுகள் நிலவறையில் இருந்தன. வருடம் தெரியும், மாதம் தெரியும், எண் தெரியும். நோட்டில் எழுதி மாலைக்குள் அடித்துவிடக்கூடிய வேலை. ஆனால் மனைவி மறுநாள் நிலவறைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கணக்கெடுப்பு இருக்கிறது என்றார், தலைவலி என்றார், பதிவேட்டுக்காரர் விடுப்பில் இருக்கிறார் என்றார். ஒன்பதாம் நாள் பரிசோதகர் கேட்டபோது, “நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் வாய்தானா என்று அப்படியே நின்றார். முன்னறைக் கட்டிலில் படுத்திருந்த பெண்ணுக்கு அன்று மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வேறொருவராக இருந்தால் குத்திக்காட்டியிருப்பார்கள். பரிசோதகர் அந்தப் பாதையில் பல வருடம் நடந்தவர். மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“உனக்கு என்ன பயம்?”

“செத்துப்போயிருந்தா?”

“ஆள் செத்திருந்தா இவங்க இருக்க மாட்டாங்க. சட்டைதான் இருக்கும்.”

“உசிரோட இருந்து, என்னால ஏதாச்சும் ஆகியிருந்தா?”

பரிசோதகர், “குழாய்க்கு வாஷர் மாத்த ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன். மாத்துறதுக்கு ஆனது ஏழு நிமிஷம். கடிகாரம் வச்சுப் பாத்தேன்,” என்றார்.

“இது குழாய் இல்லங்க. மனுஷன்.”

“தெரியும். அதனாலதான் நாளைக்கு லீவு போட்டிருக்கேன்.”

மறுநாள் காலை இருவரும் நிலவறைக்குப் போனார்கள். பதிவேட்டுக்காரர் விடுப்பில் இல்லை. பதினோரு நிமிடத்தில் பக்கம் கிடைத்தது. அறுபத்தொன்று, ஆண், வயது நாற்பத்தொன்பது, தொழில் ரேடியோ பழுதுபார்ப்பவர், இடது காதில் இரைச்சல். பார்த்த டாக்டரின் கையெழுத்து இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு கட்டம்தான் காலி. எழுதியிருந்த தொலைபேசி எண் இப்போது இல்லை. முகவரி இருந்தது. மதியம் மூன்று பேரும் பேருந்தேறினார்கள். இறங்கிய இடத்திலிருந்து வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே சிரமப்பட்ட பெண் முன்னால் நடந்தார், அவர்கள் பின்னால் போனார்கள்.

ரேடியோ கடை ஒரே அறைதான். சுவர் முழுக்க, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி திறந்து கிடந்த ரேடியோக்கள். ஈயம் உருகிய வாசனை. வழுக்கை விழுந்த ஒருவர் வலது காதை மேசைமேல் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, ஒரு ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். இவர்கள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. உள்பக்கத்திலிருந்து அவர் மனைவி வந்தார். யாரோடு பேசினாலும் கூரைக்குக் கேட்கும்படி பேசுகிற பெண்.

“என்ன வேணும்? அவருக்குக் காது கேக்காது, எங்கிட்ட சொல்லுங்க.”

டோக்கன் கவுண்டர்காரர் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னார். கடைக்காரரின் மனைவி அங்கிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பதினாலு வருஷமா இந்த வீட்டுல இதே பேச்சுதான். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான் சொல்வேன். கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க, கூப்பிட்டா போறேன்னு இவர் சொல்வாரு. அன்னைக்கு விளக்கை அணைக்கிற வரைக்கும் அங்க உக்காந்திருந்துட்டு வந்தவர்தான். வேற டாக்டர்கிட்ட போங்கன்னா, அங்க என் நம்பர் இருக்குன்னு சொல்வாரு. ரெண்டு வருஷத்துல இடது காது போச்சு. இப்ப ஆறு மாசமா வலதும் இறங்குது. இப்ப வந்து நிக்கிறீங்க.”

டோக்கன் கவுண்டர்காரர் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தார். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், ரேடியோகாரரின் வலது காதுப் பக்கம் குனிந்தார். சாம்பல் நிற உடைப் பெண்ணும் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்ததைப் பரிசோதகர் பார்த்தார். கேட்டது ஒரு குரல்தான்.

“அறுபத்தொண்ணு. உள்ள வாங்க.”

ரேடியோகாரர் குமிழிலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். “இப்பவா?” என்றார். “சரி, சட்டையைப் போட்டுக்கிட்டு வரேன்.” பிறகு மனைவி பக்கம் திரும்பி, “நான் சொன்னேன்ல,” என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் அவரை முக்கால் மணி நேரம் பார்த்தார். இடது காதுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை. அன்றைக்கே டாக்டர் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். வலது காதிலும் அதே கோளாறு. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். சின்ன அறுவை ஒன்று செய்து, மருந்தும் கொடுத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். தேதி குறித்துக் கொடுத்தார்.

டோக்கன் கவுண்டர்காரர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். இருபது வருடத்தில் அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரேடியோகாரர் வந்ததும் எழுந்து, அன்று என்ன நடந்தது என்பதைப் பத்து நிமிடப் பேச்சு உட்பட எதையும் விடாமல் வலது காதில் சொன்னார். “என் தப்புதான். இடது காது என்னாலதான் போச்சு,” என்றார்.

ரேடியோகாரர் கவுண்டரையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். “இங்கேருந்து அந்த ஜன்னல் பத்தடி இருக்குமா? எழுந்து வந்து என் நம்பர் என்னாச்சுன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கக்கூடாதுன்னு உக்காந்திருந்தேன். நீங்க பத்து நிமிஷம் மறந்தீங்க. நான் பதினாலு வருஷம் பிடிவாதம் பிடிச்சேன். இதுல யாரு பெரிய ஆளு?” என்று கேட்டார். உண்மையாகவே கணக்குத் தெரியாமல் கேட்டதுபோல இருந்தது.

அவர் மனைவி அவ்வளவு எளிதில் விடவில்லை. “அவரு விட்டுடலாம்மா. பதினாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தினது நான். நான் எப்ப விடுறதுன்னு எனக்கு இன்னும் தெரியல,” என்றார். டோக்கன் கவுண்டர்காரர் அதை மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. சரி என்று தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். இந்த ஒன்றைச் சீக்கிரம் முடித்து நோட்டில் அடித்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை அன்றும் அதற்குப் பின் கட்டுப் பிரித்த நாட்களிலும் அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று முறை அந்த அம்மாள் பேசவில்லை. நான்காம் முறை, வீட்டில் இப்போது மெதுவாகப் பேசிப் பழகுவது கஷ்டமாக இருக்கிறது என்று கத்திச் சொன்னார்.

சாம்பல் நிற உடைப் பெண், ரேடியோகாரர் டாக்டர் அறைக்குள் காலெடுத்து வைத்த கணமே கூடத்தைவிட்டு வெளியேறிவிட்டார். பரிசோதகர்தான் பார்த்தார். வாசலில் வலப்பக்கம் திரும்பினாராம். கட்டிலை மடித்து வைத்துவிட்டார்கள். டோக்கன் கவுண்டர்காரர் அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். தினமும் கவுண்டரை மூடுவதற்கு முன், கூடம் காலியாக இருந்தாலும், ஒன்றிலிருந்து அன்றைய கடைசி எண்வரை எல்லாவற்றையும் இன்னொரு தடவை உரக்கக் கூப்பிடுவார். இருபத்தைந்து நிமிடம் ஆகும். மருத்துவமனை நிர்வாகம் இது நேர விரயம் என்று ஒரு கடிதம் அனுப்பியது. அடுத்த வாரமே எண்பத்து நான்காம் எண்ணுக்கு ஒரு முதியவர் கழிப்பறைப் பக்கமிருந்து வந்தார். நிர்வாகம் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பரிசோதகர் திருந்திவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. எந்த நாளில் பார்த்தாலும் அவர் வாசலில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரோ இருவரோ இப்போது மனைவியைத் தேடி வந்தவர்களாகவும் இருக்கிறார்கள். காலையில் யார் முதலில் கதவைத் திறக்கிறார்களோ அவர் போய் யாருக்காக வந்தீர்கள் என்று கேட்டு, உள்ளே திரும்பி, “உனக்கு ஒருத்தர்,” என்றோ “உங்களுக்கு மூணு பேர்,” என்றோ சொல்வார். மழைக்காலத்தில் அவர்கள் நனைவதைப் பார்த்துப் பல் டாக்டர் மனு எழுதிப் போட்டு, நகராட்சி தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கூரையும் சிமெண்டுப் பெஞ்சும் கட்டிக் கொடுத்தது. கூரையும் பெஞ்சும் நிற்கிற ஆட்களும் இருந்தால் ஓட்டுநர்கள் வேறென்ன நினைப்பார்கள். முதலில் ஏழாம் எண் பேருந்து நின்றது, பிறகு பன்னிரண்டும் நின்றது. இப்போது அது எல்லாப் பேருந்துகளும் நிற்கிற இடம். நடத்துநர் இறங்கி, யாராவது ஏறணுமா என்று கேட்கிறார். வேலைகளாக வந்து நிற்பவர்கள் ‘இல்லை’ என்று தலையசைக்கிறார்கள், மற்றவர்கள் ஏறிக்கொள்கிறார்கள்.